கல்வியும் ஆரோக்கியமும்: செட்டிநாடு செய்ய வேண்டுவது

கல்வி ஓர் இலாகாவின் காரியம், சுகாதாரம் மற்றோர் இலாகாவின் காரியம் என்று நம் நாட்டில் பாகப்பிரிவினை செய்து நெடுநாளாயிற்று. பள்ளிக்கூடத்தை ஒரு மந்திரி பார்க்கிறார். ஆஸ்பத்திரியை மற்றொரு மந்திரி பார்க்கிறார். அங்கன்வாடிக் குழந்தைகளும் முதியோரும் மூன்றாவது இலாகாவின் பொறுப்பில் இருக்கிறார்கள். தஸ்தாவேஜுகள் வேறு, வரவுசெலவுத் தலைப்புகள் வேறு, உத்தியோகஸ்தர்கள் வேறு. ஆனால் குழந்தை ஒன்றுதான். அதன் வயிறும் கண்ணும் மூளையும் இலாகா பிரித்துக்கொண்டு பிறக்கவில்லை. அந்தக் குழந்தையே பிறகு மாணாக்கனாகவும் தாயாகவும் தொழிலாளியாகவும் வளர்ந்து, கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியோராகவும் ஆகிறது.

சமீப காலத்தில் வெளிவந்திருக்கும் பல ஆராய்ச்சிகள் இந்தப் பாகப்பிரிவினை செல்லத்தக்கதன்று என்றே தீர்ப்பளிக்கின்றன. அவற்றுள் மிக முக்கியமான சில நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நடந்தவை. அயல்நாட்டுப் பண்டிதர்கள் அவற்றைப் படித்து விவாதிக்கிறார்கள். நம்மவர்களோ அவை நடந்ததையே அறியாதிருக்கிறார்கள். ஆகவே அவற்றை எடுத்துரைத்து, பொதுஜனத் தொண்டில் ஈடுபட்டவர்கள், விசேஷமாகக் காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்தவர்கள், செய்யக்கூடியது என்ன என்பதையும் விசாரிப்பது நமது நோக்கம்.

அங்கன்வாடியில் தொடங்குவது

குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளன்று, ஆரம்பமாயிற்று. இன்று ஊர்தோறும் உள்ள அங்கன்வாடி அதன் கிளைதான். அங்கே ஓர் ஊழியரும் ஓர் உதவியாளரும் இருப்பது வழக்கம். அந்த ஒரே ஊழியர் குழந்தைகளை நிறுக்க வேண்டும். சத்துணவு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். வீடு வீடாகச் செல்ல வேண்டும். ரிஜிஸ்தர்களை எழுத வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எது விடுபட்டுப் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நேற்றைய ரிஜிஸ்தர் எழுதாமற் போனால் மேலதிகாரி கேட்பார். இன்றைய கதை சொல்லாமற் போனால் கேட்பார் யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் 4 ஜில்லாக்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. சீட்டுக் குலுக்கி, ஒரு பகுதி மையங்களுக்கு மட்டும், அரைநாள் வேலை செய்யும் மற்றோர் ஊழியர் நியமிக்கப்பட்டார். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அவருடைய காரியம். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு இருதிறத்து மையங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் ஆகிய மூவரும் கண்ட முடிவுகள் 2024-இல் பொருளாதாரப் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. கூடுதல் ஊழியர் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. புள்ளியியலார் திட்ட விலக்கம் என்று கூறும் அளவையால் அளந்தால், பிள்ளைகளின் தேர்ச்சி கணக்கில் 0.29-உம் பாஷையில் 0.46-உம் உயர்ந்தது. பதினெட்டு மாதத்தில், அரைநாள் ஊழியர் ஒருவரால், இது சிறிய லாபமன்று.

ஆனால் நம் கவனத்தை அதிகமாக ஈர்ப்பது மற்றொரு முடிவு. கற்பிப்பதற்கென்றே ஆளை வைத்த மையங்களில், குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவும் கடுமையான போஷணைக்குறைவும் கூடக் குறைந்தன. புதிதாக உணவு எதுவும் கொடுக்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. பாடம் நடத்தும் பளு நீங்கியதால் பழைய ஊழியருக்குச் சுகாதார வேலைக்கும் போஷணை வேலைக்கும் நேரம் கிடைத்தது, அவ்வளவே. கல்விக்கென்று செலவிட்ட பணம் உடலுக்கும் பலன் தந்தது. வருங்காலச் சம்பாத்தியத்தைக் கொண்டு கணக்கிட்டால், இந்தச் செலவு போல 13 முதல் 21 மடங்கு வரை பலன் கிட்டும் என்பது அவர்களுடைய மதிப்பு. வட்டிக் கணக்கில் கைதேர்ந்த செட்டிநாட்டாருக்கு இந்த விகிதத்தின் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை.

சோறும் கண்ணும்

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதில் தமிழ்நாடு தேசத்துக்கே வழிகாட்டி. பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை நகரசபைத் தலைவராயிருந்த காலத்தில், 1920-இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. 1956-இல் காமராஜர் அதை ராஜ்யம் முழுவதற்கும் உரிய மதிய உணவுத் திட்டமாக்கினார். 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001-ஆம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு எல்லா ராஜ்யங்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுக்கவேண்டுமென்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் ஆரம்பிக்கப்பட்டு, அடுத்த வருஷத்தில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. கட்சிகள் மாறின, மந்திரிகள் மாறினர், இலையில் சோறு விழுவது நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் எல்லாக் கட்சியாரும் மனமொத்துச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

இதன் பலன் உண்ட குழந்தையோடு நிற்கிறதா? 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. 1993 முதல் 2016 வரை கிடைத்த அகில இந்தியப் புள்ளி விவரங்களைச் சுமன் சக்ரவர்த்தியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தனர். சிறுவயதில் பள்ளியில் உணவு பெற்ற பெண்கள் வளர்ந்து தாயாரானபோது, அவர்கள் பெற்ற குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று கண்டனர். அந்தப் பெண்கள் அதிக வருஷம் படித்தார்கள், பிந்தித் தாயானார்கள், குறைவாகப் பெற்றார்கள், பிரசவத்தின்போதும் அதற்கு முன்பும் வைத்திய உதவியைத் தேடிச் சென்றார்கள். பாட்டி காலத்தில் போட்ட சோறு பேரன் காலத்தில் உயரமாக வெளிப்படுகிறது. வரவுசெலவுத் திட்டத்தை வருஷத்துக்கு வருஷம் மட்டும் பார்க்கும் கணக்கர்கள் இந்த வரவை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

வயிற்றைக் கவனித்த நாம் கண்ணைப் போதிய அளவு கவனிக்கவில்லை. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று உபாத்தியாயர் முடிவு கட்டுகிறார்; தகப்பனாரும் அதை நம்பி அடிக்கிறார். சீன தேசத்தின் கிராமப் பள்ளிகளில், கண் பரிசோதித்து, தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாக மூக்குக்கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் மதிப்பெண் உயர்ந்தது. இது 2014-இல் வெளியான செய்தி. அதே தேசத்தில் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிஷம் வெட்டவெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று வருஷத்தில், அப்படிச் செய்யாத பள்ளிகளில் 100-க்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை உண்டாயிற்று. செய்த பள்ளிகளில் 30.4 பேருக்கே உண்டாயிற்று. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. விளையாட்டு மணியைப் பறித்துத் தனிப்பாடத்துக்குக் கொடுக்கும் தலைமையாசிரியர்கள், தாம் பறிப்பது பிள்ளையின் கண்ணை என்பதை அறிவார்களாக.

யந்திரம் குருவாகுமா?

கற்பிக்கும் சாதனங்களைப் பற்றி இன்று பேச்சு பலமாயிருக்கிறது. புதிய யந்திரம் ஒன்று வந்தால் உபாத்தியாயரே வேண்டாம் என்று ஒரு கூட்டமும், அந்த யந்திரமே விஷம் என்று மற்றொரு கூட்டமும் எழுகின்றன. இரு கூட்டமும் சாட்சியத்தைப் பாராமலே தீர்ப்புச் சொல்கின்றன.

சாதனம் எளியதாயிருப்பது குறையன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அவர் அதனோடு இணைத்து நடத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புஸ்தகம் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரால் அது இங்கிலாந்து முழுதும் பரவியது. சட்டாம்பிள்ளையும் மணலும் கடல் கடந்து சென்று ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த கதை இது.

இனி நம் காலத்துக்கு வருவோம். தென் அமெரிக்காவில் உள்ள பெரு தேசம், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தைக் கிராமப் பள்ளிகளில் பெருஞ்செலவில் நடத்திற்று. 319 பள்ளிகளில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. கணக்கிலும் பாஷையிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. பெட்டி வந்தது, போதனை மாறவில்லை.

டில்லியிலோ வேறுவிதமான பரீட்சை நடந்தது. சர்க்கார் நடுத்தரப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரைச் சேர்த்துக் குலுக்கலில் பிரித்து, ஒரு சாராரை மாலை நேர நிலையங்களில் கணினி வழியாகப் பயிலச் செய்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கறிவு சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருப்பதை அவர்கள் முதலில் கண்டார்கள். அந்தக் கணினியோ பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதென்று அறிந்து, அந்தப் படியிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது. பெருவிலும் யந்திரம்; டில்லியிலும் யந்திரம். ஓரிடத்தில் அது பிள்ளையின் கையில் திணிக்கப்பட்டது. மற்றோரிடத்தில் அது பிள்ளையை அறிந்து பேசியது. அருகில் கவனிக்க ஆளும் இருந்தார். நல்ல உபாத்தியாயர் எக்காலத்திலும் செய்துவந்த காரியமும் இதுவே.

யந்திரமின்றி மனிதரைக் கொண்டே இந்தக் காரியத்தைச் செய்யலாம் என்பதையும் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. கோவிட் நோயால் பள்ளிகள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. மீண்டும் திறந்தபின் கிராமப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் பரிசோதித்தார்கள். இழப்பு பெரிதாயிருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் நாலில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பலன் என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 2 லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலுள்ள பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தார்கள். திண்ணைப் பள்ளி மீண்டும் பிறந்ததுபோல இருந்தது.

தாயின் எழுத்தும் சேயின் உயிரும்

பெண் கற்றால் குழந்தை பிழைக்கும் என்பதை ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் கால்ட்வெல் 1979-இல் நைஜீரியப் புள்ளிகளைக் கொண்டு நிரூபித்தார். 2010-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி 175 தேசங்களை எடுத்துக்கொண்டது. 1970-க்கும் 2009-க்கும் இடையே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் வருஷத்துக்கு 82 லட்சம் குறைந்தது என்றும், அதில் 42 லட்சம் பெண்களின் கல்வி உயர்ந்ததன் பயன் என்றும் அது கூறிற்று. பாதிக்கு மேற்பட்ட உயிர்களைப் பள்ளிக்கூடம் காத்திருக்கிறது.

பள்ளி வயது கடந்த பெண்ணுக்கு வழி என்ன? இதற்குப் பதில் செட்டிநாட்டின் அண்டை வீட்டிலேயே உண்டு. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் கிராமத் தாதிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைத் துணைக்கும் காத்திராமல், பிள்ளையை முன்னே உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் தாமே சென்றார்கள். இரண்டு சக்கரமுள்ள அந்தச் சாதனத்தைக் கல்விச் சாதனம் என்பதா, சுகாதாரச் சாதனம் என்பதா? எந்த இலாகாவின் ரிஜிஸ்தரிலும் அது அடங்காது.

ஆயினும் இந்தக் காரியம் முடிந்துவிடவில்லை. 2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் 100-க்கு 73.44 பேரே. நாலு பெண்களில் ஒருத்தி மருந்துப் புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத நிலை அது.

முதுமையில் கிடைக்கும் வட்டி

கல்வியின் பலன் வாலிபத்தோடு முடிகிறதென்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நினைவிழப்பு நோயைப் பற்றி லான்செட் பத்திரிகை நியமித்த நிபுணர் குழு, 2024-இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அந்நோய்க்குக் காரணமானவற்றுள் மாற்றக்கூடியவை 14 என்றும், அவற்றை அகற்றினால் 100-க்கு 45 பங்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றும் அது சொல்கிறது. அந்தப் பதினான்கில் இளம்பருவத்துக்கு உரியது கல்விக் குறைவு. நடுப்பருவத்தில் செவிக்குறைவு, ரத்த அழுத்தம், நீரிழிவு முதலியன. முதுமையில் தனிமையும் கவனிக்கப்படாத பார்வைக்குறைவும். ஐந்து வயதில் பலகையைப் பிடித்த கை, எழுபது வயதில் பேரன் பெயரை மறவாமலிருக்க உதவுகிறது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் அதிகம். எவர்களுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்தோமோ அவர்களையே இந்நோய் அதிகமாகப் பற்றுகிறது. இதிலுள்ள அநீதியை நாம் பெரிதாக்கிக் கூற வேண்டுவதில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பாஷை பேசுவோருக்கு இந்நோய், ஒரே பாஷை பேசுவோரைவிடச் சராசரியாக நாலரை வருஷம் பிந்தியே தோன்றியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் காணப்பட்டது. இவ்வகை ஆராய்ச்சி பரீட்சையன்று. பாஷைதான் காரணமென்று அறுதியிட்டுரைக்க அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மூளைக்குத் தேகப்பயிற்சி போன்ற ஒன்று உண்டென்ற கொள்கைக்கு அது அனுகூலமான சாட்சியம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்று, அந்நாட்டுப் பாஷைகளைப் பேசி, நாட்கணக்கையும் வட்டியையும் மனக்கணக்காகவே போட்ட தலைமுறை செட்டிநாட்டில் இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்த அவர்களுக்கு வாழ்நாள் முழுதுமே பள்ளிக்கூடமாயிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது அரசியலமைப்பின் 21-ஏ ஷரத்து, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. அந்த வயதுப் பிள்ளை கோர்ட்டு வாசலில் நின்று அதைக் கேட்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றி 45-வது ஷரத்தும், போஷணையையும் பொதுச் சுகாதாரத்தையும் பற்றி 47-வது ஷரத்தும் பேசுகின்றன. இவை வழிகாட்டும் கொள்கைகளாகையால் கோர்ட்டு மூலம் நேரே அமுல் நடத்த இயலாதவை. மூன்று வயதுக் குழந்தைக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் இவ்விஷயத்தில் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை இல்லை. பொதுஜன அபிப்பிராயமே அவர்களுக்கு வக்கீல்.

41-வது ஷரத்து கவனிக்கத்தக்கது. கல்வி, வேலை, முதுமை, நோய், அங்கக்குறைவு ஆகிய அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, ராஜாங்கத்தின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு உதவி செய்யவேண்டுமென்று அது விதிக்கிறது. சட்டத்தை வகுத்த பெரியோர் ஒன்றாகக் கண்டதை, இலாகாக்களே பிரித்து வைத்திருக்கின்றன. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு வீடு வீடாகச் சென்றது. அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி அதே தெருவுக்கு வந்தது. ஒரே வருஷத்தில், ஒரே கதவை, இரண்டு இலாகாக்கள் தட்டின. ஒன்று தாத்தாவைக் கேட்டது. ஒன்று பேரனைக் கேட்டது. பேரனுக்குக் கண் தெரிகிறதா, தாத்தாவுக்குப் பேச்சுத்துணை இருக்கிறதா என்று கேட்பது இருவருடைய பொறுப்பிலும் சேரவில்லை.

இனிச் செய்ய வேண்டுவது

செட்டிநாட்டுக்கு இதில் விசேஷக் கடமை உண்டு என்பதற்குக் காரணம் இருக்கிறது. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் சிதம்பரத்தில் சர்வகலாசாலை எழுந்தது. கோட்டையூரில் பிறந்த டாக்டர் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அதற்கு அஸ்திவாரமிட்டார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். குழந்தைப் பள்ளி முதல் பொறியியற் கல்லூரி வரை ஒரே வட்டாரத்தில் அமைத்த அப்பெரியார், 1957-இல் ஐம்பது வயது நிரம்பு முன்னரே மறைந்தார். அவர் பெயரால் 1985 முதல் சர்வகலாசாலையும் நடந்து வருகிறது. குழந்தைக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் ஒரே வளாகத்தில் இடம் தந்த ஊரில், எல்லா வயதினருக்கும் கல்வியையும் ஆரோக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி தொடங்குவதே பொருத்தம்.

மற்றொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 100-க்கு 13 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட, நூறு பேர் பந்தியில் உட்காரக்கூடிய வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் இருப்பதைக் காண்கிறோம். எத்தனையோ வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. கலியாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. தனிமையும் நோய்க்குக் காரணம் என்று நிபுணர்கள் சொல்லும் காலத்தில், அந்தப் பூட்டுகள் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கின்றன.

ஆகையால் நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஊருக்கு ஒரு வீடு திறக்கப்பட வேண்டும். முகப்பும் வளவும் உள்ள அவ்வீட்டில் காலையில் சிறு குழந்தைகளும், மாலையில் பள்ளிப் பிள்ளைகளும், எந்நேரமும் முதியோரும் கூடட்டும். கதை சொல்லவும் மனக்கணக்குப் போடவும் தெரிந்த ஆச்சிகளும் பெரியவர்களும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராகட்டும். கைபேசியில் மகனோடு முகம் பார்த்துப் பேசும் வித்தையைப் பிள்ளைகள் அவர்களுக்குக் கற்பிக்கட்டும். இருவருக்கும் லாபம், செலவோ சொற்பம்.

இரண்டாவது, ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் கற்பிப்பதற்கென்றே அரைநாள் ஊழியர் ஒருவரை நியமிக்க வேண்டும். சர்க்காருக்குச் சக்தியில்லை என்று சொல்லப்படுமானால், சர்க்கார் செய்யும் வரையில் ஊரார் செய்து காட்டலாம். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொடுத்துவந்த சமூகம் இது. அந்த மகமையில் ஒரு பகுதி இக்காரியத்துக்கு வருமானால், அதைவிடப் பெரிய கும்பாபிஷேகம் வேறில்லை.

மூன்றாவது, வருஷத்துக்கு ஒருமுறை ஒரே நாளில், ஒரே இடத்தில், பிள்ளைக்கும் பாட்டிக்கும் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும். சிவகங்கையில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் நிறுவிய அரவிந்த கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. உதவி தூரத்தில் இல்லை, அழைப்பவர்தான் வேண்டும்.

நான்காவது, இவ்வளவையும் அளந்து பார்க்க வேண்டும். அழகப்பா சர்வகலாசாலை சில ஊர்களைத் தேர்ந்துகொண்டு, குழந்தை முதல் முதியோர் வரை அதே மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராயட்டும். எந்தச் சாதனம் பயன்பட்டது, எது மூலையில் தூங்கிற்று என்பதை உள்ளபடி எழுதட்டும். யந்திரம் விற்போரின் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைச் செலவிடும் வழக்கம் அப்போதுதான் ஒழியும்.

இவை நடக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். சிவகங்கை ஜில்லாவிலேயே உள்ள கீழடியில், பானைக்குடையவர்கள் தம் பெயரைத் தமிழெழுத்தால் பானை ஓட்டில் கீறி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் பழமை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாக 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிவித்தது. சோறு சமைத்த பானையின்மேல் எழுத்தையும் எழுதிவைத்த முன்னோர்களின் மண் இது. இன்று நம் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நம்மால் ஆகாத காரியமன்று.

தேர்தல் வரும், வாக்குறுதிகள் வரும். தொண்டர்கள் தம் ஊர்க் கிராம சபையில் எழுந்து, அங்கன்வாடியில் இரண்டாவது ஊழியர் எங்கே, பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்த கணக்கு எங்கே, எழுத்தறியாத பெண்களுக்கு மாலை வகுப்பு எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் வரும் வரையில் கேட்க வேண்டும். கோர்ட்டுக்குப் போக முடியாத மூன்று வயதுக் குழந்தைக்கும், போகத் தெரியாத மூதாட்டிக்கும் அந்தக் குரலே வக்காலத்து. அதை ஏற்றுக்கொள்ளச் செட்டிநாட்டு வாலிபர்களும் செல்வர்களும் முன்வருவார்களென்று நம்புகிறோம்.